பக்கத்துப் பெயரை நம்பாதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் சனிக்கிழமைகளில் துணைப்பாட வகுப்பு. எல்லாம் தொடக்கநிலை ஐந்து, ஆறு பிள்ளைகள். ஆங்கில வாக்கியத்தில் சப்ஜெக்ட் (எழுவாய்), பிரெடிகேட் (எழுவாயைப் பற்றிச் சொல்லும் மீதிப் பகுதி) பிரிக்கச் சொன்னால், அந்த வயதில் நான் செய்த அதே தவறுகள் அதே வரிசையில் வந்து விழுகின்றன. பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி சமாச்சாரத்தைப் பள்ளியிலேயே திருத்திவிடுவார்கள். அதை விடுகிறேன்.

வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பிடிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி’ என்று எழுதுகிறார்கள். கனமாக இருப்பது எது? பெட்டி. பெட்டி ஒன்றுதானே? அப்புறம் ‘ஆர்’ எங்கிருந்து வந்தது? ‘இஸ்’ வரவேண்டும்.

தமிழில் ‘மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது’ என்போம். அடைமொழிகள் முன்னால் வரும், முக்கியமான பெயர் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ வந்தால் தலைகீழ். பெட்டி முன்னால் போய்விடும், மாம்பழங்கள் வினைச்சொல்லை உரசிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, ‘பழமெல்லாம் இருக்கு’ என்றே பேசிப் பழகிய காது நம்முடையது. அஃறிணையில் ஒருமை பன்மை பிசகினால் அதற்கு உறுத்தாது.

முதல் வேலையில், ஒரு பயண நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு எழுதினேன்: ‘தி பிரைஸ் ஆஃப் தி டிக்கெட்ஸ் ஹேவ் கான் அப்.’ 500 பிரதிகள். பாதி தபாலில் போனபிறகு மேலாளர் ஒரு பிரதியில் ‘ஹேவ்’ஐச் சிவப்பில் வட்டமிட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சத்தை நானே உட்கார்ந்து கிழித்தேன்.

‘ஆஃப்’, ‘வித்’, ‘டுகெதர் வித்’ என்று தொடங்கும் துண்டைப் பென்சிலால் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். ‘தி டீச்சர், டுகெதர் வித் ஹெர் பியூபில்ஸ், இஸ் வெயிட்டிங்.’ வகுப்பே காத்திருந்தாலும் இலக்கணக் கணக்கில் டீச்சர் ஒருவர்தான். ‘அண்ட்’ போட்டுச் சேர்த்தால் பன்மை. ‘எ லாட் ஆஃப்’ போன்ற சிலவற்றில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அங்கே பின்னால் வரும் பெயர்தான் கணக்கு.

வாக்கியக் கடைசியில் ‘இஸின்ட் இட்’, ‘ஆரன்ட் தே’ சேர்த்து எழுவாயைச் சோதிக்கும் வழியும் உண்டு. நம்மூரில் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ போடுகிறவர்களிடம் அது எடுபடவில்லை.

பிரெடிகேட்டும் பயனிலையும் ஒன்றேதான் என்று நினைப்பது

‘கவிதா நாசி லெமாக் வாங்கினாள்.’ தமிழ் வகுப்பில் ‘வாங்கினாள்’ மட்டும் பயனிலை, நாசி லெமாக் செயப்படுபொருள். ஆங்கிலத்தில் ‘பாட் நாசி லெமாக்’ முழுவதுமே பிரெடிகேட். இரண்டு வகுப்புக்கும் போகிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

வினையை விழுங்குவது

‘அவர் ஆசிரியர்’ தமிழில் முழு வாக்கியம். ‘ஹீ டீச்சர்’ அப்படியில்லை.

எழுவாயை விழுங்குவது

‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது. ‘கேம்’ என்றால் யார் வந்தது? ‘சிட் டவுன்’ மாதிரிக் கட்டளைக்கு மட்டும் அந்தச் சலுகை.

‘தேர் ஆர் டூ கேட்ஸ்’

எழுவாய் ‘தேர்’ அல்ல, பூனைகள்.