ஐபி டிப்ளமோவின் இரண்டு ஆண்டுகளைத் திட்டமிடுவது எப்படி

பத்தாம் வகுப்பை முடித்துப் பன்னாட்டுப் பள்ளியில் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) டிப்ளமோ சேரும் மாணவர்களில் பலர், அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் இன்னொரு வடிவம் என்று எண்ணிவிடுகிறார்கள். 1968இல் ஜெனீவாவை மையமாகக் கொண்டு உருவாகி, 1976இல் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி வழியாக இந்தியாவுக்கு வந்த இந்தப் படிப்பில், மதிப்பெண்ணின் ஒரு பகுதி தேர்வு அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இறுதி மாதங்களின் உழைப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மொத்தம் ஆறு பாடங்கள். அவற்றில் மூன்றை (சிலர் நான்கை) 240 மணி நேரம் கற்பிக்கப்படும் ஹையர் லெவலிலும், மற்றவற்றை 150 மணி நேர ஸ்டாண்டர்ட் லெவலிலும் படிக்க வேண்டும். பாடத்துக்கு 7 புள்ளிகள் வீதம் 42, எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரை, அறிவு எப்படி உருவாகிறது என்பதை ஆராயும் தியரி ஆஃப் நாலெட்ஜ் இரண்டுக்கும் சேர்த்து 3, ஆக 45. டிப்ளமோ பெறக் குறைந்தது 24 புள்ளிகள் தேவை. ஹையர் லெவல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்து 12 இருக்க வேண்டும்.

பாடத் தேர்வுதான் மிகுந்த கவனத்துக்குரியது. எந்த நாட்டில், எந்தப் பட்டப்படிப்பு என்பதை ஓரளவேனும் முடிவுசெய்து, அந்தப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளைப் படித்த பிறகே பாடங்களைக் குறிக்க வேண்டும். பிரிட்டனின் முன்னணிப் பொறியியல் துறைகள் கணிதத்தை ஹையர் லெவலில் கேட்கின்றன. ஐபியில் கணிதமே இரண்டு வகையாக இருப்பதால், எந்த வகை ஏற்கப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் மருத்துவம் படிக்க விரும்புவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். ஐபியின் வழக்கமான பாட அமைப்பிலோ இரண்டு அறிவியல் பாடங்களுக்கே இடமுண்டு. மூன்றாவதைச் சேர்க்கச் சிறப்பு அனுமதி தேவைப்படும் என்பதால், சேரும்போதே பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட வேண்டும். வகுப்புகள் தொடங்கிச் சில மாதங்கள் ஆனபின் பாடம் மாற்றுவது கடினம்.

வெளிநாட்டில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்மொழிக்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும், அம்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் ஆதரவுடன் தாமே கற்று ஸ்டாண்டர்ட் லெவலில் எழுத ஐபியில் வழியுண்டு. தமிழை இவ்வாறு எடுக்க முடியுமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எழுத்துப் பணி. எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே 4000 சொற்கள் வரையிலான தனி ஆய்வு. தியரி ஆஃப் நாலெட்ஜ் கட்டுரை 1600 சொற்கள் வரை. இவற்றோடு ஒவ்வொரு பாடத்திலும், பள்ளியிலேயே செய்து ஆசிரியர் மதிப்பிடும் உள்மதிப்பீட்டுப் பணி இருக்கிறது. அறிவியல் பாடங்களில் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கே. இவை எல்லாம் இரண்டாம் ஆண்டின் முதல் பாதியில் ஒரே நேரத்தில் வந்து நெருக்கும். முதலாண்டின் இறுதிக்குள் ஆய்வுக் கேள்வியை முடிவுசெய்து, இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட நீண்ட விடுமுறையில் முழு முதல் வரைவையும் எழுதிவிடுவதே இந்த நெருக்கடிக்கு நான் அறிந்த ஒரே நல்ல தீர்வு. கேள்வி குறுகலாக இருக்கட்டும்: ‘நீர் மாசுபாடு’ என்பது தலைப்பு மட்டுமே; குறிப்பிட்ட ஓர் ஏரியின் இரண்டு இடங்களில் நைட்ரேட் அளவு ஏன் வேறுபடுகிறது என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

சிஏஎஸ் எனப்படும் படைப்பாற்றல், உடலியக்கம், சேவைப் பணிகளுக்குப் புள்ளி இல்லை. ஆனால் அவற்றை நிறைவு செய்யாதவர்களுக்கு டிப்ளமோ கிடையாது. வாரந்தோறும் குறிப்பெழுதி வந்தால் அது சுமையாகாது.

முதலாண்டு இறுதித் தேர்வை ஒத்திகையாக மட்டும் கருத வேண்டாம். பிரிட்டனில் மருத்துவத்துக்கும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் நடுவில் வருகிறது. அப்போது ஆசிரியர்கள் அனுப்பும் உத்தேச மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் அந்தத் தேர்வே அடிப்படை. மே மாதத் தேர்வின் முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வெளியாகும். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் சேர்க்கை அதற்குள் தொடங்கிவிடும். எனவே உத்தேச மதிப்பெண்ணைக் கொண்டு தற்காலிகச் சேர்க்கை தருவார்களா, ஐபி டிப்ளமோ பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று காட்டும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்களா என்ற இரண்டையும் தேர்வுக்கு முன்பே கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.