குல்மார்க் பனிப்பொழிவு முன்னறிவிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கச் செல்பவர்களில் பலர் கைபேசியில் ஸ்ரீநகரின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு நகரம்; குல்மார்க் புல்வெளியோ ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் உள்ள கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் 3,950 மீட்டரை ஒட்டிய அஃபர்வத் மலைத் தோளுக்கும் ஏறிச் செல்கின்றன. ஸ்ரீநகரில் மழை என்றால் குல்மார்க்கிலும் மழைதான் என்று முடிவு செய்வது முதல் தவறு. 'குல்மார்க்' என்ற பெயரில் வரும் ஒற்றை எண் மலை முழுவதற்கும் பொருந்தும் என்று நம்புவது அதைவிட எளிதில் செய்யக்கூடிய தவறு.

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே புல்வெளிக்கும் கோண்டோலாவின் உச்சி நிலையத்துக்கும் இடையே எட்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கலாம். வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் உயரத்தை உறைநிலை மட்டம் என்பார்கள். பனித்துகள்கள் அதற்குக் கீழே இருநூறு முந்நூறு மீட்டர் வரை உருகாமல் வந்து சேர்வதுண்டு. உறைநிலை மட்டம் 3,000 மீட்டர் என்றால், ஒரே மேகத்திலிருந்து புல்வெளியில் மழையும், கோங்டூரியில் கனத்த ஈரப்பனியும், உச்சியில் உலர்ந்த பனியும் விழும். எத்தனை செ.மீ. பனி என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த உறைநிலை மட்டத்தைத்தான்.

செ.மீ. கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. வானிலைக் கணினி மாதிரிகள் முதலில் கணிப்பது பனியின் ஆழத்தை அல்ல, நீரின் அளவையே. 1 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. பனி என்பது பொதுவான மாற்றுக் கணக்கு. ஆனால் கடுங்குளிரில் அதே நீர் ஒன்றரை, இரண்டு செ.மீ. வரை உப்பி நிற்கும், பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையிலோ அரை செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். எனவே 20 மி.மீ. என்று ஒரு செயலியும் 30 செ.மீ. என்று இன்னொரு செயலியும் சொன்னால் அவை முரண்படுவதாகக் கொள்ளத் தேவையில்லை.

பத்து நாளுக்குப் பிந்தைய பனியின் அளவை நம்பி விமானச்சீட்டு எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குல்மார்க்கின் குளிர்காலப் பனிக்குப் பெரும்பாலும் காரணம், மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான். ஓர் இடையூறு வரப்போகிறது என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே ஓரளவு உணர முடியும். அது எந்தத் தடத்தில் வரும், எவ்வளவு ஈரம் சுமந்து வரும் என்பது மூன்று நாள் நெருக்கத்தில்தான் தெளிவாகும். பருவத்தை மட்டும் நம்புவதும் அப்படியே. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் சில்லாய் கலான் காலம் கடுங்குளிருக்குப் பெயர்பெற்றது, ஆனால் 2024 ஜனவரியில் அதே நாட்களில்தான் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் போதிய பனியில்லாததால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

மிக ஆபத்தான தவறு, புதுப்பனியை மட்டும் பார்த்து அதன் அடியில் கிடக்கும் பழைய பனியை மறப்பது. மெல்லிய பனிப்போர்வையின் அடியில் தரை பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் இருக்க, தெளிந்த இரவுகளில் மேற்பரப்பு கடுமையாகக் குளிர்கிறது. அந்த வேறுபாட்டால் நீராவி அடியிலிருந்து மேலேறி, பனித்துகள்களை முனைகள் கொண்ட பரல்களாக மாற்றுகிறது. அவற்றைக் கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க முடியாது. சீனியைப் போல உதிரும். நீண்ட வறட்சிக்குப் பின் அதன்மேல் அரை மீட்டர், ஒரு மீட்டர் புதுப்பனி விழுந்தால், 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் ஒரு மனிதரின் எடையே அந்தப் புதுப்பனி முழுவதையும் ஒரே பலகையாகப் பெயர்த்துவிடப் போதும். 2024இல் வறண்ட ஜனவரிக்குப் பின் பிப்ரவரியில் பெரும்பனி பொழிந்தது. 22ஆம் தேதி ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பனியின் ஆழத்தைக் கேட்பவர்கள் கடந்த ஆறு வாரங்களில் பனி எப்படி விழுந்தது என்றும் கேட்க வேண்டும் என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காற்றைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. முன்னறிவிப்பில் 30 செ.மீ. என்றிருந்தாலும், முகட்டில் வீசும் பலத்த காற்று ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கச் சரிவில் அதைப்போல் பல மடங்கைக் குவித்துவிடும். அப்படி இறுகிக் குவிந்த பனி, கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், எளிதில் பெயரக்கூடியது. பலத்த காற்றில் கோண்டோலாவின் மேற்கட்டம் நிறுத்தப்படும், பெரும்பனிக்குப் பின் பனிச்சறுக்குப் பகுதியின் ரோந்துக் குழு சரிவுகளைச் சோதித்து அனுமதிக்கும்வரை மூடியிருக்கும். பனி நின்று வானம் நீலமாகத் தெளிந்த காலைதான் எல்லோரையும் மேலே இழுக்கிறது, ஆனால் பொழிவின் போதும் அது நின்ற அடுத்த ஓரிரு நாளிலும்தான் பனிச்சரிவு அபாயம் பொதுவாக உச்சத்தில் இருக்கும்.

பனிச்சரிவு அபாய அளவுகோலில் ஐந்து படிகள் உள்ளன. மூன்றாம் படியை 'நடுத்தரம்' என்று படித்துத் துணிகிறவர்கள் உண்டு. படிக்குப் படி அபாயம் சீராக ஏறுவதில்லை, பெருகி ஏறுகிறது. மூன்றாம் படியிலேயே தனியொரு சறுக்காளர் பனிச்சரிவைத் தூண்டிவிட முடியும். 'பாரமுல்லா மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல்' என்ற வகையில் வரும் அரசு எச்சரிக்கை, குல்மார்க் அடங்கிய அந்த மாவட்டம் முழுவதற்குமானது. நீங்கள் இறங்கப்போகும் சரிவைப் பற்றி அன்று காலை ரோந்துக் குழு சொல்வதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மார்ச்சில் பகலின் உச்ச வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. இரவில் வானம் தெளிந்து பனி உறைந்தால், வெயில்படும் சரிவுகள் காலையில் கண்ணாடிபோல் இறுகியிருந்து, முற்பகலில் இளகி, பிற்பகலில் சேறாகிவிடும். நிழல்படும் வடக்குச் சரிவுகளில் உலர்ந்த பனி இன்னும் சில நாட்கள் தங்கும். இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தால் பனி சரியாக உறைவதே இல்லை. அத்தகைய நாளில் ஈரப்பனிச்சரிவுக்கான அபாயம் காலையிலேயே தொடங்கிவிடுவதால், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம் என்ற வழக்கமான கணக்கு அன்றைக்கு உதவாது.