வினியோக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்: ஸ்டாக்ஸ் நிறுவனத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்குவோர் பலர் பாடகரையும் ஒலிப்பதிவுக் கூடத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, வினியோக ஒப்பந்தத்தை மட்டும் அவசரத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த அவசரம் எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இயங்கிய ஸ்டாக்ஸ் நிறுவனம் நமக்குக் காட்டுகிறது.

அதன் தொடக்கம் அப்படியே பின்பற்றத்தக்கது. வங்கி ஊழியரான ஜிம் ஸ்டூவர்ட் 1957இல் தொடங்கிய நிறுவனத்துக்கு, அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கித் தந்தார். 1960இல் மெக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய திரையரங்கை வாடகைக்கு எடுத்து, அரங்கை ஒலிப்பதிவுக் கூடமாகவும், தின்பண்டம் விற்ற முன்பகுதியை இசைத்தட்டுக் கடையாகவும் மாற்றினார்கள். கடையைக் கவனித்துக்கொண்ட எஸ்டெல், அக்கம்பக்கத்து இளைஞர்கள் எந்தத் தட்டை விரும்பிக் கேட்கிறார்கள் என்பதைக் கண்டு உள்ளே பதிவு செய்பவர்களிடம் சொன்னார். கேட்பவரின் முகத்தை நேரில் பார்க்க உங்களுக்கும் அப்படி ஓரிடம் இருக்கட்டும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் கொண்டுசென்றது நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம். சில ஆண்டுகள் வாய்ப்பேச்சிலேயே நடந்த அந்த ஏற்பாடு 1965இல் எழுத்தில் வந்தது. அட்லாண்டிக்கை நடத்தியவர்களுள் ஒருவரான ஜெர்ரி வெக்ஸ்லர் விலகினால் தாமும் விலகிக்கொள்ளலாம் என்ற விதியை ஸ்டூவர்ட் கேட்டுப் பெற்றார். ஆனால் வினியோகிக்கப்பட்ட பதிவுகளின் மாஸ்டர்கள், அதாவது தட்டுகளை நகலெடுக்க உதவும் மூலப் பதிவுகள், அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்ற பகுதியைக் கவனியாமல் கையெழுத்திட்டார். மனிதரின்மேல் வைத்த நம்பிக்கைக்குக் காப்பு இருந்தது, சொத்துக்கு இல்லை. அட்லாண்டிக் 1967இல் விற்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஸின் புகழ்பெற்ற பாடகர் ஓடிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்தார். அந்த விற்பனையை அடுத்து 1968இல் ஸ்டாக்ஸ் அட்லாண்டிக்கை விட்டுப் பிரிந்தபோது ரெடிங் பாடியவை உட்பட அதுவரை வெளிவந்த பதிவுகள் அட்லாண்டிக்கிடமே தங்கிவிட்டன. இதை எழுதும்போதுகூட மனம் கனக்கிறது.

ஆகவே ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது ஒரே செய்திதான்: மாஸ்டரிலிருந்து தட்டு எடுத்து விற்க உரிமம் மட்டும் தருகிறீர்களா, மாஸ்டரையே எழுதிக் கொடுக்கிறீர்களா? உரிமம் என்றால் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு, காலம் முடிந்ததும் எப்படித் திரும்பும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வினியோக நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தனி விதி கேளுங்கள். உங்களுக்காக மட்டும் படிக்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். அந்தக் கட்டணத்தை ஒலிப்பதிவுச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கையில் பழைய பதிவுகள் இல்லாத நிலையில், நிறுவனத்தின் நிர்வாகி அல் பெல்லின் முனைப்பில் 1969இல் 27 ஆல்பங்களை ஒன்றாக வெளியிட்டு ஸ்டாக்ஸ் மீண்டது. அவற்றுள் ஐசக் ஹேஸின் ஆல்பம் பெருவெற்றி கண்டது. வீழ்ச்சியோ மறுபடியும் வினியோகத்தின் வழியாகவே வந்தது. 1972இல் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு உடன்பாடு செய்த மறு ஆண்டே, அதை முன்னின்று முடித்த கிளைவ் டேவிஸ் அங்கிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் ஸ்டாக்ஸின் தட்டுகள் கடைகளுக்குப் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. ஒருவருக்கே முழு வினியோகத்தையும் கொடுப்பதானால், கடைகள் கேட்ட சரக்கைக் குறித்த நாளுக்குள் அனுப்பாவிட்டால் வேறு வழியில் விற்கும் உரிமை உங்களுக்கு மீள வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

வரவு நின்றபின் கடன் பெருகி, 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. நிறுவனத்தைக் காக்கத் தம் சொந்தச் சொத்தையும் ஈடுவைத்திருந்த ஸ்டூவர்ட் வீட்டையும் இழந்தார். நிறுவனக் கடனுக்கு உங்கள் பெயரில் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கப்பட்டால், எந்தத் தொகை வரை, எந்த நாள் வரை என்ற வரம்பை அந்தத் தாளிலேயே எழுதச் செய்யுங்கள்; குடியிருக்கும் வீட்டை அதில் சேர்க்காதீர்கள்.