வெயிலும் கடலும் செய்தியாகும்போது: நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு நாளிதழில் பல வருடம் இரவுப் பணியில் உதவி ஆசிரியராக இருந்தேன். செய்தி ஏஜென்சியில் வரும் செய்தியைத் தமிழாக்குவதும் தலைப்பு வைப்பதும் என் வேலை. பருவநிலை மாற்றம் பற்றிய செய்திகளை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதுதான்: தலைப்பை வைத்தவர் அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார். பெரும்பாலும் செய்தியை எழுதியவரும் அவர் இல்லை. அதனால் தலைப்பை விட்டுவிட்டு நேராக உள்ளே போங்கள்.

உள்ளே போனதும், எதை, எங்கே, எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று தேடுங்கள். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி வெயில் என்று செய்தி வந்தது. நாட்டிலேயே இதுவரை பதிவாகாத வெப்பம் என்று உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதே நாளில் டெல்லியின் மற்ற நிலையங்களில், நஜஃப்கரில் 49.1, சஃப்தர்ஜங்கில் 46.8 தான். ஒரே ஊரில் ஒரு நிலையம் மட்டும் இவ்வளவு தள்ளி நின்றால் சந்தேகம் வர வேண்டும். வானிலை ஆய்வு மையத்துக்கும் வந்தது. தானியங்கி நிலையத்தின் சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று சில நாளில் அறிவித்தது. முதல் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, திருத்தம் உள்பக்கத்தில் ஒரு மூலையில். சரி, அந்த 3 டிகிரியைக் கழித்தால் என்ன மிச்சம்? கிட்டத்தட்ட 50. சென்சார் பிழை என்பதற்காக அந்த வெயில் பொய்யாகிவிடாது.

2022 ஏப்ரல் இறுதியில் இந்தியாவில் 60 டிகிரி என்று ஒரு செயற்கைக்கோள் படம் சுற்றியது. அது தரையின் வெப்பம். வானிலை அறிக்கையில் சொல்வது காற்றின் வெப்பம். காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், வெயில் நேரடியாகப் படாமல், தரைக்கு நாலடி உயரத்தில் அளப்பது. நடுமதியம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம் நிபந்தனையைத் தேடுங்கள். 2019 அக்டோபரில் வந்த ஆய்வை வைத்து, மும்பையும் வேறு பல கடலோர நகரங்களும் 2050க்குள் கடலில் மூழ்கும் என்று எழுதினார்கள். அந்த வரைபடம் காட்டியது, வருடத்துக்கு ஒருமுறையாவது வரக்கூடிய கடல் வெள்ளத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தை. தடுப்புச் சுவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்களே சொல்லியிருந்தார்கள். செய்தியைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த வரிதான். ‘வெள்ளம் வரலாம்’ என்பதும் ‘மூழ்கிவிடும்’ என்பதும் ஒன்றல்ல. கடலோரத்தில் வீடு உள்ளவருக்கு முதலாவதே போதுமான கவலை.

அதிகம் கற்றுத் தருவது இமயமலைக் கதை. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு (ஐபிசிசி) என்ற ஐ.நா. அமைப்பின் 2007 அறிக்கை, இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போகலாம் என்றது. அந்த 2035 எங்கிருந்து வந்தது? ஒரு தன்னார்வ அமைப்பின் 2005 அறிக்கையிலிருந்து. அதற்கு முன்? 1999இல் ஒரு அறிவியல் வார இதழில் வந்த செய்தியிலிருந்து. அதாவது பத்திரிகைச் செய்தி ஒன்று அறிவியல் அறிக்கைக்குள் நுழைந்து, அந்த முத்திரையோடு மறுபடி பத்திரிகைக்கு வந்தது. பனியாறுகளை ஆராய்பவர்களே தவறைச் சுட்டிக்காட்டினார்கள். 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. அதனால் எந்த எண்ணையும் பின்னோக்கித் துரத்துங்கள்: செய்தியிலிருந்து, ஆய்வு நிறுவனம் வெளியிட்ட பத்திரிகைக் குறிப்புக்கு, அங்கிருந்து ஆய்வுக்கு. ஆய்வின் சுருக்கம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஒரு பத்திதான், பொறுமையாகப் படித்தால் போதும்.

இந்த 2035ஐக் காட்டி, ‘எல்லாமே புளுகு’ என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் இதே கேள்விகளால் சோதியுங்கள். பனியாறுகள் உருகுவது நிஜம். தவறானது, அவை காணாமல் போகும் என்று சொன்ன வருடமும் வேகமும். ஜனவரியில் குளிர் அதிகம் என்பதால் புவி சூடாகவில்லை என்று எழுதுபவரிடமும் கேளுங்கள்: எந்த ஊர், எத்தனை நாள் கணக்கு, அதே மாதம் மற்ற இடங்களில் எப்படி இருந்தது? பருவநிலை என்பது பொதுவாக 30 வருடச் சராசரியைப் பார்த்துப் பேசுவது.

பரபரப்பான எண் எதையும் உடனே பகிராதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே ஊர்ப் பெயரோடு ‘திருத்தம்’, ‘விளக்கம்’ என்று சேர்த்துத் தேடுங்கள். தவறு என்று தெரிந்தால் தேதி, நிலையத்தின் பெயர், அதிகாரபூர்வ அறிவிப்பு மூன்றையும் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். வெறும் கோபத்தை வைத்துக்கொண்டு செய்தி மேசையில் இருக்கும் ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. ஆதாரம் கையில் இருந்தால் திருத்தம் போடச் சொல்லி அவர் வாதாட முடியும்.