டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்கில் சீட் எடுப்பதும் அண்ணா பல்கலை டிகிரியை முடிப்பதும்

டி.என்.இ.ஏ. என்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டுச் சீட்டுகளைக் கொடுக்கும் கவுன்சிலிங். முதலில் கட்-ஆஃப் கணக்கு, அதாவது உங்கள் ரேங்க்கைத் தீர்மானிக்கும் மதிப்பெண். கணிதத்தில் எடுத்த மதிப்பெண் அப்படியே வரும், இயற்பியலிலும் வேதியியலிலும் எடுத்ததில் பாதி வரும், மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. நுழைவுத் தேர்வு 2007-08 முதல் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். தகுதிக்கு இந்தப் பாடங்களில் சராசரியாகப் பொதுப்பிரிவினர் 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். விண்ணப்பித்ததும் வரும் பத்து இலக்க ரேண்டம் எண்ணைப் பார்த்து சிலர் ஜாதகம் பார்ப்பதுபோல் கவலைப்படுகிறார்கள். தேவையே இல்லை. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணித மதிப்பெண், அப்புறம் இயற்பியல், அப்புறம் விருப்பப் பாடம், பிறந்த தேதி என்று வரிசையாகப் பலதையும் பார்த்து, அதிலும் சமமாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு வேலை.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வையுங்கள். மே, ஜூனில் இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். சாதிச் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கும், அதில் இருக்கும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் இருப்பதும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவைப்படாது, இடையில் ஒரு வருடம் பெங்களூரில் படித்திருந்தாலும் தேவைப்படும். வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும், நீங்களும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியையும் கட்டாயம் வாங்குங்கள், கல்விக் கட்டணத்தில் நல்ல சலுகை உண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தாலும் கிடையாது, இதைப் பலர் அட்மிஷன் போட்ட பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தனி, அதை விண்ணப்பத்தில் குறிக்கத் தவறாதீர்கள்.

இனி சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் பட்டியல் போடுவது. 2018-ல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு வந்த பிறகு சீட்டைத் தீர்மானிப்பதில் கட்-ஆஃபுக்கு அடுத்து நீங்கள் போடும் வரிசைதான். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் ரேங்க்குக்கு முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதனால் "இது எங்கே கிடைக்கப் போகிறது" என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள், மேலே போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்று பார்த்து, உங்களுடையதை விட ஐந்தாறு மதிப்பெண் மேலே உள்ளவற்றில் தொடங்கி, கொஞ்சம் கீழே உள்ளவை வரை தாராளமாக நிரப்புங்கள். கவுன்சிலிங் ரேங்க் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக நடக்கும், இருபது சாய்ஸ் மட்டும் போட்டுவிட்டுத் தங்கள் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. சில கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு இரண்டு தடவை இருக்கும், ஒன்றின் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம், பார்த்துப் போடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகள் காட்டும். ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு உங்கள் பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, வேண்டாம் என்று சொல்லி மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகிவிடுவது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதுதான் சரி, கையில் ஒரு சீட்டும் இருக்கும், நல்லது வந்தால் அதுவும் கிடைக்கும். ஆனால் மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக மனசில்லாத ஒன்றை மேலே போட்டிருந்தால் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உறுதி செய்ய மறக்காதீர்கள், கெடு தாண்டினால் கெஞ்சியும் பயனில்லை.

சரி, சேர்ந்தாச்சு. இனி பார்க்க வேண்டியது ரெகுலேஷன் புத்தகம், அதாவது பாஸ், அட்டெண்டன்ஸ், பட்டம் பற்றிய பல்கலை விதிகள். நீங்கள் சேரும் ஆண்டுக்கு எது பொருந்துமோ அதைத்தான் கடைசிவரை பார்க்க வேண்டும், சீனியருடையதை அல்ல. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பட்டம் அண்ணா பல்கலை கொடுத்தாலும் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையது, அவர்கள் விதியை அங்கேயே வாங்கிப் படியுங்கள். இங்கே சொல்வது 2021 ரெகுலேஷனில் வருபவர்களுக்கான கணக்கு.

தியரி பாடத்துக்கு இன்டெர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் மதிப்பெண், 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுவீர்கள், அது 60-க்கு மாற்றப்படும். பாஸாக இரண்டு நிபந்தனைகள்: மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். பலர் விழுவது இந்த இரண்டாவதில்தான். இன்டெர்னல் 34 வைத்திருக்கும் ஒருவர் தேர்வில் 40 எடுத்தால் அது 24 ஆகி, மொத்தம் 58 வரும், ஆனாலும் அரியர். மறுபக்கம் இன்டெர்னல் வெறும் 15 என்றால் தேர்வில் 45 எடுத்தும் பயனில்லை, 59 எடுத்தால்தான் மொத்தம் 50-ஐத் தொடும். அதனால் இன்டெர்னல் டெஸ்டை விளையாட்டாக எடுக்காதீர்கள், அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற காரணம் காட்டி அனுமதி கேட்கலாம், 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அரியரையாவது அடுத்த முறை எழுதிவிடலாம், இதில் ஒரு வருடம் போய்விடும்.

சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து வரும் சராசரி கிரேடு புள்ளி, ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள கிரெடிட் என்ற எடையைப் பொறுத்தது. நான்கு கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு இறங்கினால் விழும் அடி, முதல் வருடம் வரும் 'தமிழர் மரபு' மாதிரி ஒரு கிரெடிட் பாடத்தில் இறங்குவதைப் போல நான்கு மடங்கு. அதற்காக அதை விட்டுவிடாதீர்கள், அதிலும் பாஸாகாமல் பட்டம் இல்லை. டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் சி.ஜி.பி.ஏ. 8.5 எடுத்தால் மட்டும் போதாது, எல்லாப் பாடமும் முதல் தடவையிலேயே பாஸாகியிருக்க வேண்டும். நான்கு வருடப் படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு ஆறு வருடம். ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலை வாங்கி, பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டி, அவர் மதிப்பெண் கூடும் என்று சொன்னால் மட்டும் ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டுங்கள்.