சொந்தக் காசுக்கும் வட்டி உண்டு: ஒரு மில்லை வைத்து ‘வாக்’ கணக்குப் போடுவோம்

பல்லடம் பக்கம் மாமா ஒருவர் நிட்டிங் ஷெட் வைத்திருக்கிறார். புது மிஷின் வாங்கலாமா என்று எக்ஸெலில் கணக்குப் போட்டுக் காட்டினார். பேங்க் கடனுக்கு நேராக 9.5 சதவீதம், சொந்தப் பணத்துக்கு நேராக 0.

“இது ஏனுங் மாமா சைபர்?”

“என்ற காசுக்கு நான் யாருக்கப்பா வட்டி கட்டோணும்?”

அதே பணத்தை நூற்றுக்கு ஒரு வட்டிக்கு வெளியே விட்டிருந்தால் வருஷத்துக்கு 12 வந்திருக்கும் என்பது மாமாவுக்கு விரல் நுனியில் இருக்கும். ஷீட்டில் மட்டும் அதை மறந்துவிட்டார். கடன் கொடுத்தவர் கேட்கும் வட்டி, பங்கு போட்டவர் எதிர்பார்க்கும் லாபம், இரண்டையும் அவரவர் போட்ட பங்கின் அளவுக்குக் கலந்தால் கிடைப்பதுதான் நிறையிட்ட சராசரி மூலதனச் செலவு. சுருக்கமாக ‘வாக்’.

பழகுவதற்குப் பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு ஸ்பின்னிங் மில்லை எடுத்துக்கொள்வோம். மில்லும் எண்களும் கற்பனை.

படி 1: கடனின் செலவு

மில்லின் ஆண்டறிக்கையில் வட்டிச் செலவு 15 கோடி. மார்ச் 31 அன்று கடன் 200 கோடி. வகுத்தால் 7.5 சதவீதம் வரும். அப்படியே எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள், புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

பஞ்சு சீசன் அக்டோபரில் தொடங்கும். வரத்து இருக்கும்போதே மில்கள் வாங்கி அடுக்கிவிடும், அதற்கான பணம் சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கிலிருந்து, அதாவது வேண்டும்போது எடுத்துக் கட்டும் பேங்க் கடனிலிருந்து போகும். அதனால் மார்ச் கடைசியில் கடன் உச்சத்தில் நிற்கும். பஞ்சு கரையக் கரையக் கடனும் கரையும். நம் மில்லின் செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டில் கடன் 120 கோடிதான். சராசரி 160 கோடி. 15-ஐ 160-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.4 சதவீதம். பேங்க் கேட்கிற வட்டி மாதிரி இப்போதுதான் இருக்கிறது. கிரிசில், இக்ரா, கேர் மாதிரி கடன் தரமிடும் நிறுவனங்கள் மில்லுக்கு என்ன தரம் கொடுத்திருக்கின்றன என்றும் பார்த்து, இந்த வட்டி பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

வட்டி ஓடுகிற கடனை மட்டும் சேருங்கள். பஞ்சு புரோக்கருக்குத் தர வேண்டிய பாக்கி இதில் வராது. குடும்பத்தார் வட்டியில்லாமல் போட்டு, ‘அன்செக்யூர்ட் லோன்’ என்று எழுதிவைத்த பணத்தை நான் மூலதனத்தோடுதான் சேர்ப்பேன். பெயர்தான் கடன், யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

வட்டி கட்டினால் வரி குறையும். 2019-இல் 115பிஏஏ பிரிவாக வந்த குறைந்த வருமான வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு வரி 22 சதவீதம். சர்சார்ஜ், செஸ் சேர்ந்து 25.168. வரி போக மிஞ்சுவது 0.748 பங்கு. ஆக 9.4 × 0.748 = 7.0 சதவீதம். மில் தொடர்ந்து நஷ்டத்தில் ஓடினால் இந்தச் சலுகையைக் கழிக்காதீர்கள், கட்டாத வரியில் என்ன மிச்சம்?

படி 2: பங்கு மூலதனத்தின் செலவு

இதற்கு ரசீது கிடையாது, மதிப்பிடத்தான் வேண்டும். மூன்று எண்கள் தேவை.

முதலாவது, 10 ஆண்டு அரசுப் பத்திரம் இன்று தரும் ஈட்டம். இங்கே 7 என்று வைப்போம். திருப்பூர் ஏற்றுமதிக்காரர் டாலரில் பில் போட்டாலும், வரவு செலவை ரூபாயில் கணக்கிட்டால் இந்திய அரசுப் பத்திரத்தையே எடுங்கள்.

இரண்டாவது, சந்தையில் இறங்கும் ரிஸ்க்குக்காகக் கேட்கும் கூடுதல். நான் 6.5 வைக்கிறேன்.

மூன்றாவது, பீட்டா. சந்தை அசைந்தால் இந்தப் பங்கு எவ்வளவு அசைகிறது என்பதன் அளவு. இரண்டு வருஷத்து வார விலைகளை எடுத்து, எக்ஸெலில் ‘ஸ்லோப்’ போடுங்கள்: முதலில் பங்கு, அடுத்து நிஃப்டி. விலையை அப்படியே கொடுக்காமல், வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கிய சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை நான் விலையையே கொடுத்துவிட்டு, வந்த விசித்திர எண்ணுக்கு அரை நாள் காரணம் தேடினேன். நம் மில்லுக்கு 1.2.

7 + (1.2 × 6.5) = 14.8 சதவீதம்.

படி 3: எடை போட்டுக் கலப்பது

2 கோடி பங்குகள், ஒன்று 120 ரூபாய்: 240 கோடி. கடன் சராசரி 160 கோடி. மொத்தம் 400 கோடியில் பங்கு 60, கடன் 40 சதவீதம்.

0.6 × 14.8 + 0.4 × 7.0 = 11.7 சதவீதம்.

பேலன்ஸ் ஷீட்டில் நெட்வொர்த் (பங்குதாரர் போட்ட பணமும் சேர்ந்த லாபமும்) 160 கோடி என்று இருந்து, அதை எடுத்திருந்தால் பாதிக்குப் பாதியாகி 10.9 வந்திருக்கும். அது என்றோ போட்ட பணத்தின் கணக்கு. இன்றைய முதலீட்டாளர் 120 ரூபாய் கொடுத்துத்தான் பங்கு வாங்குகிறார்.

6.5-ஐ 5.5 ஆக்கினால் வாக் 11-க்கு இறங்கும், 7.5 ஆக்கினால் 12.4-க்கு ஏறும். அதனால் “11.68” என்று துல்லியமாகச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நான் 11 முதல் 12.4 வரை என்றே எழுதிவைப்பேன்.

பட்டியலில் இல்லாத கம்பெனிக்கு?

சரி, மாமாவின் ஷெட்டுக்குப் பங்கு விலையே இல்லையே? அதே தொழிலில் பட்டியலான சில கம்பெனிகளின் பீட்டாவை எடுத்து, அவர்கள் கடனின் பாதிப்பை நீக்க வேண்டும், கடன் கூடினால் பீட்டாவும் கூடும் என்பதால். எளிமைக்காக நம் மில்லையே எடுத்தால், 1.2 ÷ (1 + 0.748 × 160/240) = 0.8.

இனி மாமாவின் கடனை ஏற்ற வேண்டும். அவருக்குக் கடனும் சொந்தப் பணமும் சரிபாதி. பார்ட்னர்ஷிப் என்பதால் வரி 30 சதவீதம், செஸ்ஸோடு 31.2. வரி போக மிஞ்சுவது 0.688. ஆக 0.8 × (1 + 0.688) = 1.35. சொந்தப் பணத்தின் செலவு 7 + 1.35 × 6.5, கிட்டத்தட்ட 15.8.

மாமாவின் ஷீட்டில் சைபரை அழித்துவிட்டு 15.8 என்று அடித்தேன். கீழே பச்சையாக இருந்த கட்டம் சிவப்பானது.

“பன்னெண்டு போட்டுப் பாரப்பா.”

போட்டேன். அப்போதும் சிவப்புதான். அன்று சாயங்காலமே பழைய மிஷின் விலை என்னவென்று திருப்பூருக்குப் போன் போட்டு விசாரித்தார்.