'பார்' ஒன்றுதான், ஆங்கிலத்தில் மூன்று: சீ, லுக், வாட்ச்

'டிவி பார்க்கிறேன்' என்பது பலர் வாயில் 'ஐ ஆம் சீயிங் டிவி' என்று வந்துவிடுகிறது. தமிழில் எல்லாவற்றுக்கும் 'பார்' போதும் என்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் அந்தப் 'பார்'க்குள்ளும் மூன்று சாயல் உண்டு. ஆங்கிலத்துக்குப் போகுமுன் தமிழிலேயே அதைப் பிரித்துவிடுங்கள்.

படி 1: 'பார்த்தேன்' இருக்கும் இடத்தில் 'கண்ணில் பட்டது' அல்லது 'தெரிந்தது' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'சீ'. வழியில் பாம்பைப் பார்த்தீர்கள். தேடிப் போகவில்லை, தானாகக் கண்ணில் பட்டது. எனவே 'ஐ சா எ ஸ்னேக்'. இந்தப் பொருளில் 'சீ'யோடு 'இங்' ஒட்டாது. மலை தெரிகிறது என்றால் 'ஐ கேன் சீ தி ஹில்'. 'ஐ ஆம் சீயிங் எ டாக்டர்' மட்டும் எப்படிச் சரி? அங்கே 'சீ' என்றால் போய்ச் சந்திப்பது. டாக்டருக்குப் பதில் வெறுமனே ஓர் ஆளின் பெயரைப் போட்டால், அவரோடு காதலில் இருப்பதாக அர்த்தமாகிவிடும். ஜாக்கிரதை!

படி 2: 'திரும்பி', 'உற்று' என்று முன்னால் சேர்க்க முடிந்தால் 'லுக்'. எதைப் பார்ப்பது என்று சொன்னால் நடுவில் 'அட்' கட்டாயம்: 'லுக் அட் தி போர்டு'. அதிகம் விடுபடுவது இந்த 'அட்'தான். அதே இடத்தில் 'ஃபார்' வந்தால் தேடுவது, 'ஆஃப்டர்' வந்தால் பார்த்துக்கொள்வது.

படி 3: 'பார்த்துக்கொண்டே இருந்தேன்' என்று நீட்ட முடிகிறதா, பார்க்கும் பொருள் அசைகிறதா? 'வாட்ச்'. மேட்ச், டிவி எல்லாம் இதில் சேரும், 'அட்' வேண்டாம். போட்டோ அசையாது, அதற்கு 'லுக் அட்'. சினிமா கொஞ்சம் இடக்கு: தியேட்டரில் என்றால் 'சீ', 'வாட்ச்' இரண்டும் சொல்வார்கள், வீட்டு டிவியில் என்றால் பெரும்பாலும் 'வாட்ச்'.

மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஜன்னல் வழியே பார்த்தேன், ஒரு பூனையைப் பார்த்தேன், அது எலியைத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.' ஆங்கிலத்தில்: 'ஐ லுக்ட் அவுட் ஆஃப் தி விண்டோ, சா எ கேட், அண்ட் ஸ்டுட் வாட்சிங் இட் சேஸ் எ ரேட்.'

'கேள்' என்பதையும் இப்படியே பிரிக்கலாம். காதில் விழுந்தால் 'ஹியர்'. பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால் 'லிசன் டு'. அந்த 'டு'வை விழுங்கிவிடாதீர்கள். வழி கேட்பது 'ஆஸ்க்'.